ஜாவாவின் கோயில்கள் தொலைந்துபோகவில்லை

ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், மேராப்பி எரிமலையைச் சுற்றியுள்ள சமவெளிகளில், 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் மாதராம் அரசின் காலத்தில் எழுந்த கற்கோயில்கள் ஏராளம். ஜாவானியர் இவற்றைச் சண்டி என்பார்கள். கேடு சமவெளியின் போரோபுதூர் 504 புத்தர் சிலைகளும் 72 துளைத் தூபிகளும் கொண்ட பௌத்தப் பெருங்கட்டடம். பிரம்பானன் சமவெளியில் சிவன், பிரம்மா, விஷ்ணு மூவருக்கும் எழுப்பிய கோயில்கள் நடுவே நிற்க, சுற்றிலும் சிறு கோயில்கள் வரிசை கட்டுகின்றன. அதற்கு வடக்கே நடந்துபோகும் தூரத்தில் சண்டி சேவு என்னும் பௌத்தத் தொகுதியும், தெற்கே ராத்து போகோ குன்றின் மேல் வாயில்களும் மேடைகளும் குளங்களும் உள்ளன.

இந்த இடிபாடுகளைப் பற்றிச் சுற்றுலா வழிகாட்டிகளும் பொது வரலாற்று நூல்களும் திரும்பத் திரும்பச் சொல்லும் வரலாறு ஒன்று உண்டு. எரிமலைச் சாம்பல் கோயில்களை மூடியது, காடு வளர்ந்தது, மக்கள் இஸ்லாத்துக்கு மாறினார்கள், கட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கே கோயில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று, 1814-இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் போரோபுதூரைக் கண்டுபிடித்து உலகுக்குத் திருப்பிக் கொடுத்தார் என்பது அது. ஜாவானியர் மறந்துவிட்டார்கள் என்பதற்குச் சான்றாகக் காட்டப்படுவது அவர்கள் சொல்லும் கதைகள். கட்டிய அரசன் பெயர் தெரியாதவர்கள் பூதம் கட்டியதாகக் கதை சொன்னார்கள், ஆகவே அறிவு அறுந்த இடத்தில் கதை முளைத்தது என்பது வாதம். இந்த வாதம் தவறு. ஜாவானியர் மறக்கவில்லை என்பதற்கு இருக்கும் சான்றுகளில் வலுவானதே அந்தக் கதைகள்தாம்.

அதிகம் இழிவாகப் பேசப்படும் கதை பிரம்பானனுடையது. பெங்கிங் நாட்டு வீரன் பண்டுங் பொண்டோவோசோ, ராத்து போகோ குன்றிலிருந்து ஆண்ட போகோ மன்னனைப் போரில் கொல்கிறான். மன்னனின் மகள் லோரோ ஜொங்ராங்கைப் பார்த்ததும் மணந்துகொள்ளக் கேட்கிறான். தகப்பனைக் கொன்றவனுக்கு மாலையிட அவளுக்கு மனமில்லை. வெளிப்படையாக மறுக்கவும் வழியில்லை. ஒரே இரவில் ஆயிரம் கோயில் கட்டித் தந்தால் சம்மதம் என்கிறாள். அவன் பூதகணங்களை ஏவுகிறான். விடிவதற்குள் 999 எழுந்துவிடுகின்றன. கலங்கிப்போனவள் ஊர்ப் பெண்களை எழுப்புகிறாள். சிலர் கிழக்கே வைக்கோலைக் கொளுத்துகிறார்கள். மற்றவர்கள் லெசுங் என்னும் நீண்ட மர உரலில் நெல் குத்தத் தொடங்குகிறார்கள். வானம் சிவக்கிறது, உலக்கைச் சத்தம் கேட்கிறது, சேவல்கள் கூவிவிடுகின்றன. பொழுது விடிந்ததென்று பூதங்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகின்றன. ஏமாற்றப்பட்டவன், ஆயிரமாவதாக நீயே கல்லாய் நில் என்று சபிக்கிறான்.

அந்தக் கல் சிவன் கோயிலின் வடக்கு அறையில் நிற்கிறது. எட்டுக் கைகள், பாதங்கள் எருமையின் முதுகில் ஊன்றியிருக்கின்றன. ஒரு கை எருமையின் வாலைப் பிடித்திருக்கிறது. இன்னொரு கை எருமையிலிருந்து வெளிப்படும் குள்ள அசுரனின் தலைமயிரைப் பற்றியிருக்கிறது. இது மகிடாசுரனை அழிக்கும் துர்க்கை என்பதில் ஐயமில்லை. துர்க்கையை இளவரசி என்று சொல்பவர்களுக்கு என்ன தெரியும் என்ற கேள்வியும் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

அவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சமல்ல. குன்றின் இடிபாடும், சமவெளியின் சிவன் கோயிலும், வடக்கே உள்ள சேவுவும் ஒரே காலத்தவை, ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று கதை எடுத்துக்கொள்கிறது. கல்வெட்டுகள் பின்னாளில் அதைத்தான் சொல்லின. சேவு வளாகத்தில் 1960-இல் கிடைத்த கல்வெட்டு 792-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ராத்து போகோவில் அபயகிரி என்ற பெயரில் பௌத்த மடம் இருந்ததைச் சொல்லும் கல்வெட்டும் அதே 792. அந்தப் பெயர் இலங்கை அனுராதபுரத்து அபயகிரி விகாரையின் பெயர். சிவக்ருஹக் கல்வெட்டு சிவாலயம் ஒன்று 856-இல் குடமுழுக்குக் கண்டதையும், அதற்காக ஆற்றின் போக்கையே மாற்றியதையும் கூறுகிறது. பிரம்பானனை ஒட்டி ஓபாக் ஆறு ஓடுகிறது. மூன்று தலங்களும் ஒரு நூற்றாண்டு எல்லைக்குள் வந்துவிடுகின்றன. ஆயிரம் என்ற எண்ணும் வெறும் வாய்ப்பேச்சு என்று ஒதுக்கத் தக்கதல்ல. பிரம்பானன் தொகுதியில் முதலில் இருந்தவை 240 கோயில்கள், சேவுவில் 249. ஒரே பார்வையில் ஐந்நூறு கோயில்கள் தென்படும் சமவெளியைப் பற்றிப் பேசுபவன் ஆயிரம் என்று சொன்னால் அவன் இடத்தைப் பார்த்திருக்கிறான் என்றே பொருள்.

அந்தச் சிலையை மக்கள் என்ன செய்தார்கள் என்பது இதைவிட முக்கியம். 1811 முதல் யோக்யகர்த்தாவில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஜான் கிராஃபர்ட் பிரம்பானனைப் பார்த்து எழுதிய கட்டுரை 1820-இல் வெளிவந்தது. பிள்ளைப்பேறு வேண்டிய பெண்கள், வியாபாரத்திலும் சூதிலும் தோற்றவர்கள், கடன்காரர்கள், நோயாளிகள் எனப் பலரும் லோரோ ஜொங்ராங்கிடம் வந்து, வாசனைத் தைலம் பூசி, பூச்சூட்டி, வேண்டிக்கொண்டு போவதை அவர் பதிந்திருக்கிறார். வந்தவர்கள் முஸ்லிம்கள். கூரை சரிந்து, மேற்கல் எல்லாம் உருண்டு கிடந்த கோயிலின் இருட்டு அறைக்குள் ஏறிப்போய், கட்டப்பட்டு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு ஆன பின்னும் ஒரு தெய்வத்துக்குப் பூவும் தைலமும் சாத்தினார்கள். இதை மறதி என்று அழைக்க முடியாது. பெயர் மாறியது, புராணம் மாறியது, வழிபாடு நிற்கவில்லை. மதம் மாறிய ஊரார் அந்தச் சிலையை நெருங்கிப்போக ஒரு வழி வேண்டியிருந்தது. துர்க்கை என்றால் அவர்களால் போக முடியாது. சாபம் பட்டுக் கல்லாகிப்போன ஓர் இளவரசி என்றால் போகலாம். கதை அந்த வழியைத் திறந்து வைத்தது.

இனி 1814-க்கு வரலாம். செமராங் நகரில் இருந்த ராஃபிள்ஸுக்கு, புமிசெகோரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் போரோபுதூர் என்றொரு பெரிய கட்டடம் இருக்கிறது என்று சொன்னவர்கள் உள்ளூர்க்காரர்கள். ஊர்ப் பெயரும் கட்டடத்தின் பெயரும் சேர்ந்தே அவர் காதுக்கு வந்தன. அவர் டச்சுப் பொறியாளர் கொர்னேலியஸை அனுப்பினார். கொர்னேலியஸ் ஏறத்தாழ 200 ஆட்களை வைத்து இரண்டு மாத அளவில் மரம் வெட்டி, புதர் எரித்து, மண் அகற்றி, படம் வரைந்தார். வேலை பெரியது, வரைபடங்கள் அருமையானவை. அவர் உழைப்பைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, அடையாளம் காட்டிய இடத்துக்குப் போய் அளவெடுத்ததைக் கண்டுபிடிப்பு என்று எழுதுவது பிழை. 1814-இல் முதன்முதலாக நடந்தது அளவெடுப்பு.

ஐரோப்பியரின் பதிவுகளே 1814-க்கு முன்னால் தொடங்கிவிட்டன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியர் லோன்ஸ் 1733-இல் பிரம்பானனுக்குப் போய் எழுதிவைத்தார். கொர்னேலியஸே 1805 முதல் 1807 வரை பிரம்பானனில் அளவெடுத்தவர். இதே போரோபுதூரில் உண்மையான கண்டுபிடிப்பு ஒன்று பின்னால் நடந்தது. 1885-இல் ஐசர்மன் என்ற பொறியாளர், கட்டடத்தின் அகன்ற அடித்தளத்துக்குப் பின்னால் இன்னொரு அடித்தளம் மறைந்திருப்பதையும், அதில் சிற்பப் பலகைகள் இருப்பதையும் கண்டார். மொத்தம் 160 பலகைகள். கட்டியவர்களே கல் அடுக்கி அவற்றை மூடியிருந்தார்கள். 1890, 1891-ஆம் ஆண்டுகளில் அந்தக் கற்களைப் பகுதி பகுதியாக எடுத்து, கசியன் செஃபாஸ் என்ற ஜாவானியப் புகைப்படக்காரர் ஒவ்வொன்றையும் படம் எடுத்த பின் திரும்ப மூடினார்கள். எவருக்கும் தெரியாதிருந்தது தெரியவந்தது என்று அதைச் சொல்லலாம். மலைமேல் நின்ற கட்டடத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

எழுதப்பட்ட சான்றுகளை வரிசையாக வைத்தால் இடைவெளி என்று சொல்லப்படும் காலம் நிரம்பத் தொடங்குகிறது. கிழக்கு ஜாவாவின் மஜபாஹித் அரசவைப் புலவர் பிரபஞ்சா 1365-இல் முடித்த நாகரகிருதாகமம், அன்றைய பௌத்தத் தலங்களின் பட்டியலில் புதூர் என்ற பெயரைத் தருகிறது. அது போரோபுதூர் என்றே பல அறிஞர்கள் கொள்கிறார்கள். அந்தக் குன்றில் கிடைத்த சீன நாணயங்களும் பீங்கான் துண்டுகளும் 15-ஆம் நூற்றாண்டு வரை வருகின்றன. கிழக்கு ஜாவாவின் பலாஹ், அதாவது இன்றைய பனத்தரன் கோயிலுக்கு, மக்கள் ஓயாமல் வந்து காணிக்கை செலுத்துவதைப் புஜங்க மாணிக் என்ற சுண்டானியத் துறவியின் பயணப் பாடல் விவரிக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த அந்தப் பாடலின் ஓலைச்சுவடி 17-ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்துக்குப் போய்விட்டது.

அதற்குப் பின் வருவன இஸ்லாமிய ஜாவாவின் ஆவணங்கள். 1709-இல் மன்னர் முதலாம் பாகுபுவானாவை எதிர்த்துக் கிளர்ந்த மாஸ் டானா போரோபுதூர்க் குன்றில் அரண் கொண்டதையும், அரசுப் படை குன்றை வளைத்துப் பிடித்ததையும் பபாத் தனா ஜாவி என்னும் அரச வரலாற்று நூல் சொல்கிறது. இடம் தெரியாத காட்டுக்குள் படை அனுப்ப முடியாது. 1757-இல் யோக்யகர்த்தாவின் பட்டத்து இளவரசர், போகக் கூடாது என்ற தடையை மீறி, ஆயிரம் சிலைகளையும் கூண்டுக்குள் இருக்கும் வீரனையும் பார்க்கப் போய், திரும்பி வந்து நோயுற்று இறந்தார் என்பது பபாத் மாதராம் தரும் செய்தி. அடுத்து, 1814-க்கும் 1823-க்கும் இடையே சுரகர்த்தா அரசவையில் தொகுக்கப்பட்ட செராத் செந்தினி என்னும் நூலின் நாடோடி மாந்தர்கள் பிரம்பானனுக்கும் போரோபுதூருக்கும் போகிறார்கள், சிலைகளைப் பற்றிக் கேட்கிறார்கள், பேசுகிறார்கள்.

இளவரசர் இறந்த செய்தியை மறதிக் கட்சியினர் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வது வழக்கம். புனிதத் தலம் தீய இடமாகச் சரிந்துவிட்டது, மக்கள் அஞ்சி ஒதுங்கினார்கள் என்பார்கள். அச்சம் வேறு, மறதி வேறு. தடை இருந்தது என்றால் தடை விதிக்கும் அளவுக்கு அந்த இடம் மனத்தில் இருந்தது. அரச குடும்பத்தினர் மிதிக்கக் கூடாத இடம் என்ற நம்பிக்கை, அதன் கல்லை யாரும் அள்ளிப் போகாமல் காத்தும் இருக்கும். கூண்டுக்குள் வீரன் என்ற கற்பனையும் அன்றோடு முடியவில்லை. வட்ட மேடைகளில் முதலாவதன் கிழக்குப் பக்கத்துத் தூபி ஒன்றில், சாய்சதுரத் துளை வழியே கையை நுழைத்து உள்ளிருக்கும் புத்தரைத் தொட முடிந்தால் நினைத்தது நடக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டிலும் எல்லோரும் அறிந்த நம்பிக்கை. ஆண்கள் மோதிர விரலைத் தொட வேண்டும், பெண்கள் பாதத்தை. அந்தச் சிலைக்குக் குந்தோ பீமோ என்று மகாபாரத வாடை வீசும் பெயர். 1757-இன் கூண்டு வீரனுக்கும் இந்தக் குந்தோ பீமோவுக்கும் இடையில் உறவு இல்லை என்று நினைப்பதுதான் கடினம்.

சாம்பல் மூடியது என்ற பகுதியையும் ஆராய வேண்டும். 1006-இல் மேராப்பி பெருவெடிப்பாய் வெடித்து மாதராமை அழித்தது என்ற கருத்தைப் பரப்பியவர் நிலவியலாளர் வான் பெம்மெலன். அவர் சார்ந்து நின்ற எழுத்துச் சான்று, கிழக்கு ஜாவா மன்னர் ஐர்லங்கா 1041-இல் வெளியிட்ட புசாங்கான் கல்வெட்டு. அதில் ஊழிப் பேரழிவு என்று சொல்லப்படுவது வுராவாரி என்ற சிற்றரசன் நடத்திய தாக்குதல். எரிமலை அங்கே இல்லை. மேலும் அரசவை நடு ஜாவாவை விட்டுக் கிழக்கே போனது 929-ஐ ஒட்டி, சிண்டோக் மன்னர் காலத்தில். சொல்லப்படும் வெடிப்புக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே. போரோபுதூர் குன்றின் மேல் நிற்கிறது. 1870-களுக்குப் பின் மேராப்பியின் மிகப் பெரிய சீற்றம் என்று கணிக்கப்படும் 2010 வெடிப்பின்போது அதன் மேல் படிந்த சாம்பல் இரண்டரை சென்டிமீட்டர் வரைதான். பணியாளர்கள் வாரிக் கழுவினார்கள். நூற்றாண்டுகளாக விழுந்த சாம்பலும் மண்ணும் வேரும் சேர்ந்து மேடிட்டது உண்மை. ஒரேயடியாகப் புதைந்து மறைந்தது என்பது உண்மையல்ல.

புதைந்து மறைந்த கோயில்கள் ஜாவாவில் இருக்கின்றன. வழக்கைத் தீர்ப்பதும் அவைதாம். மேராப்பியிலிருந்து மழையில் இறங்கும் எரிமலைச் சேறு பாயும் வழியில் இருந்தவை அவை. 1966-இல் சம்பிசாரி ஊரில் உழவர் ஒருவரின் மண்வெட்டி செதுக்கிய கல்லில் பட்டது. தோண்டியபோது ஆறரை மீட்டர் ஆழத்தில் முழுச் சிவன் கோயில். 1993-இல் மணல் அள்ளியவர்கள் கெடுலானைக் கண்டார்கள். 2009-இல் இஸ்லாமியப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் நூலகத்துக்கு அடித்தளம் தோண்டும்போது கிம்புலான் கோயில் வெளிப்பட்டது. கண்டெடுத்த இடத்தின் பெயரே இவற்றுக்குப் பெயராயிற்று. மண்ணுக்கடியில் போனதை மக்கள் மறந்தார்கள், மறப்பது இயல்பு. கண்ணுக்குத் தெரிய நின்றவற்றுக்கோ இளவரசியும் வீரனும் ஆயிரமும் வந்து சேர்ந்தார்கள். டியெங் பீடபூமியின் சின்னஞ்சிறு சிவன் கோயில்களுக்கு அர்ச்சுனன், பீமன், கடோத்கஜன், சிகண்டி, செமார் என்று வாயாங் நிழற்கூத்து மாந்தர்களின் பெயர்கள். மறதிக்குக் கதை பிறக்கும் என்றால் சம்பிசாரிக்குத்தான் கதை பிறந்திருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரின் உயிர் இன்னும் நீளம். 778-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, தாரா தேவிக்குக் கோயில் கட்டியதையும், களச என்ற ஊரைப் பௌத்த சங்கத்துக்குக் கொடுத்ததையும் பதிகிறது. அந்த ஊர் இன்று கலாசான். கோயிலும் அங்கேயே நிற்கிறது. அரசு போனது, மொழி மாறியது, மதம் மாறியது, ஊர்ப் பெயர் 1,200 ஆண்டாகப் பெரிய மாற்றமின்றி மக்கள் வாயில் இருக்கிறது.

இஸ்லாம் வந்து கோயில்களைக் கைவிடச் செய்தது என்ற குற்றச்சாட்டு காலக்கணக்கிலேயே நிற்காது. அரச ஆதரவு நடு ஜாவாக் கோயில்களை விட்டுப் போனது 10-ஆம் நூற்றாண்டில். விட்டுப் போனவர்கள் சைவர்களும் பௌத்தர்களும். சைவ-பௌத்த அரசான மஜபாஹித்தின் முடிவு 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. இடையில் ஐந்நூறு ஆண்டுக்கு மேல். பின்னாளைய முஸ்லிம் அரசவைகளுக்குப் பழைய தெய்வங்கள் மேல் வெறுப்பு இருந்ததாகவும் காட்ட முடியாது. பிரிட்டிஷார் கொண்டுவந்து நிறுத்திய வங்காளச் சிப்பாய்கள் பிரம்பானன் கோயில்களைத் தங்கள் தெய்வங்களின் இடமாகக் கண்டார்கள். அவர்களின் சடங்குகளில் சுரகர்த்தா மன்னர் நான்காம் பாகுபுவானா ஆர்வம் காட்டினார். அந்த நெருக்கம் 1815-இல் பிரிட்டிஷாருக்கு எதிரான சதியாகவே முற்றியது.

இங்கே மறுபக்கத்து ஆசை ஒன்றையும் தடுத்தாக வேண்டும். கதைகளின் மேல் மதிப்பு வந்தவர்கள் அவற்றை மறைபொருள் வரலாறாகப் படிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். பண்டுங் பொண்டோவோசோ என்பவன் 9-ஆம் நூற்றாண்டு மன்னர் ரகாய் பிகாதான், போகோ மன்னன் என்பவன் அவருடைய எதிரி பாலபுத்திரன், கோயில் போட்டி என்பது சைவ-பௌத்தப் போர் என்றெல்லாம் பொருத்தம் பார்ப்பார்கள். 1950-களில் கல்வெட்டறிஞர் தெ கஸ்பாரிஸ் சிவக்ருஹக் கல்வெட்டைப் படித்தபோது முன்வைத்த போர்ச் சித்திரம் இதற்கு ஊட்டம் கொடுத்தது. பிந்தைய ஆய்வாளர்கள் அதைக் கேள்விக்கு உள்ளாக்கியிருக்கிறார்கள். ஒரே இரவில் கட்டுவதும் சேவல் கூவிக் கெடுவதும் பிரம்பானனுக்கு மட்டும் உரியவை அல்ல. மேற்கு ஜாவாவின் தங்குபான் பராகு மலைக்கும் இதே முடிச்சு உண்டு; அங்கே கவிழ்ந்த படகு மலையாகிறது. போரோபுதூரைக் கட்டியவர் என்று சொல்லப்படும் குணதர்மர் மெனோரே மலைத்தொடரில் படுத்திருக்கிறார், மலை விளிம்பு அவர் முகம் என்பார்கள். அந்தப் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கட்டிய அரசரையும் ஆண்டையும் அறியக் கல்வெட்டுக்குத்தான் போக வேண்டும். கட்டியவர்கள் போன பின் ஆயிரம் ஆண்டு அந்த இடத்தில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய வேண்டுமானால் கல்வெட்டு உதவாது. கதையிடம்தான் கேட்க வேண்டும். இரண்டையும் குழப்பினால் இரண்டுமே பாழ்.

மறந்தார்கள் என்று எழுதியவர்கள் எதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதினார்கள் என்பது இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. 1812 ஜூன் மாதம் ராஃபிள்ஸின் படை யோக்யகர்த்தா அரண்மனையைத் தாக்கிச் சூறையாடியது. அரண்மனை நூலகத்தின் சுவடிகள் ராஃபிள்ஸ், கிராஃபர்ட், காலின் மெக்கன்சி ஆகியோர் கைக்குப் போயின. மெக்கன்சி தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமானவர். தென்னிந்தியாவை அளந்து, ஊர்ப்புராணங்களையும் கைஃபியத்துகளையும் ஆவணமாக மதித்துத் திரட்டியவர். அந்தத் திரட்டின் பெரும்பகுதி சென்னை அரசு கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் உள்ளது. 1812 ஜனவரியில் பிரம்பானனையும் பார்த்து எழுதியவர் அவர். யோக்யகர்த்தாவிலிருந்து போன சுவடிகளில் 75-ஐ மின்படியாக்கி, பிரிட்டிஷ் நூலகம் 2019-இல் சுல்தானிடம் படிகளாக அளித்தது. மூலங்கள் லண்டனில். அரசவையின் நினைவேடுகள் 1812-இல் பறிபோயின. அந்த நாட்டாருக்கு நினைவே இல்லை என்ற கதை அதற்குப் பின் ஊன்றியது. மேலே சொன்ன புசாங்கான் கல்வெட்டும் பிரிட்டிஷ் ஆட்சியின்போதுதான் கல்கத்தாவுக்குப் போயிற்று. 928-ஆம் ஆண்டின் சங்குரான் கல்வெட்டு, தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவுக்குப் பரிசாகி ஸ்காட்லாந்து சேர்ந்தது. தன்னை இடம்பெயர்ப்பவர்கள் மேல் சாபம் பொறித்த கல் அது.

சிலைகளும் அப்படித்தான். கிழக்கு ஜாவாவின் சிங்கசாரியில் இருந்த துர்க்கை, கணேசர், நந்தீசுவரர், மகாகாளர் சிலைகளை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஆளுநர் எங்கெல்ஹார்ட் செமராங்கில் இருந்த தம் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். பிறகு அவை நெதர்லாந்துக்குப் போய், 2023-இல்தான் திரும்பின. அதே வட்டாரத்தில் எடுக்கப்பட்ட பிரஜ்ஞாபாரமிதை 1978-இல் திரும்பினாள். ஊரார் அவளை அரசி டெடெஸ் என்று அழைத்துவந்தார்கள். 1896-இல் போரோபுதூருக்கு வந்த சயாம் மன்னர் சூலலங்கோர்னுக்கு டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை அன்பளிப்பாகத் தந்தது. ஊர்க்காரர்களும் உதிர்ந்த கற்களை வீட்டு வேலைக்கு எடுத்ததுண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் காடும் எரிமலையும் சுமக்கும் பழியில் ஒரு பங்கு அலுவலர் தோட்டங்களுக்கு உரியது.

தவறான வரலாறு நூலோடு நிற்பதில்லை. நினைவே இல்லாத இடம் என்று ஏற்றுக்கொண்டால், அங்கே வாழ்பவர்களுக்கு அந்த இடத்தில் உரிமை எதுவும் இல்லை என்பது தானாக வந்து சேர்கிறது. தெயோடோர் வான் எர்ப் 1907 முதல் 1911 வரை செய்த சீரமைப்பும், 1973 முதல் 1983 வரை யுனெஸ்கோ துணையோடு நடந்த பெரும்பணியும் போரோபுதூரின் கல்லைக் காப்பாற்றின. அதே 1980-களின் தொடக்கத்தில், தொல்லியல் பூங்கா அமைப்பதற்காக, கட்டடத்தை ஒட்டியிருந்த குடியிருப்புகள் அப்புறப்படுத்தப்பட்டன. ராஃபிள்ஸுக்குச் செய்தி சொன்ன மண்ணின் மக்கள் பூங்கா வேலிக்கு வெளியே கடை போடுபவர்கள் ஆனார்கள். கல் தேய்வதைத் தடுக்க, ஒரு நாளைக்கு 1,200 பேர் மட்டும், உபானத் என்னும் நார்ச் செருப்பு அணிந்து, வழிகாட்டியோடு மேலே ஏறலாம் என்ற கட்டுப்பாடு 2023-இல் வந்தது. கல்லைக் காக்க அப்படி ஒரு கட்டுப்பாடு தேவை.

வழிபாட்டுக்கும் அரசு இடம் தரத் தொடங்கிவிட்டது. பிரம்பானனில் 856 நவம்பர் 12-ஆம் நாள் குடமுழுக்கை நினைவுகூர்ந்து அபிஷேகச் சடங்கு 2019 முதல் நடக்கிறது. 2022 பிப்ரவரியில் பிரம்பானன், போரோபுதூர், மெண்டுட், பாவோன் ஆகிய நான்கு கோயில்களையும் இந்தோனேசியாவிலும் உலகிலும் உள்ள இந்துக்களும் பௌத்தர்களும் வழிபாட்டுக்குப் பயன்படுத்தும் ஒப்பந்தம் யோக்யகர்த்தாவில் கையெழுத்தானது. நல்ல முடிவு, காலம் கடந்து வந்த முடிவு. எனினும் அந்த ஒப்பந்தத்தில் பெயர் சுட்டப்பட்டவர்கள் இந்துக்களும் பௌத்தர்களும் மட்டுமே. பிள்ளை வேண்டி லோரோ ஜொங்ராங்குக்குத் தைலம் பூசிய, கூண்டு வீரனை நோக்கிக் கை நீட்டிய முஸ்லிம் ஊரார் அதில் இல்லை. இந்தக் கோயில்களை மிக நீண்ட காலம் அடுத்திருந்து பேணியவர்கள் அவர்கள். அவர்களுடைய வழக்கங்களும் கதைகளும் காப்புத் திட்டங்களிலும் வழிகாட்டி நூல்களிலும் கல்வெட்டுகளுக்கு அடுத்த இடத்தைப் பெறும்வரை இந்த மறுப்பை எழுதிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.